கதவைத் தட்டும் சித்தி!

காலை ஆறரை மணி. சேலையூரில் ஏதோ ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு கேட்டில் மாட்டியிருக்கும் வயர் கூடையில் பால் பாக்கெட் அப்படியே இருக்கிறது. 'மனுஷன் இன்னும் தூங்கறார் போல' என்று நீங்களும் நானும் பல் தேய்க்கப் போய்விடுவோம்.

ஏழு மணி. பையன் வீசிவிட்டுப் போன பேப்பர் வாசற்படியில் கிடக்கிறது. ஏழேகால். தினமும் இந்நேரம் 'கர்ர்ர்'ரென்று ஓடும் தண்ணீர் மோட்டார் இன்று மௌனம்.

மாடிவீட்டுச் சித்திக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. (யாருக்குச் சித்தி என்று கேட்காதீர்கள். தெருவுக்கே சித்தி!)

"ஏம்ப்பா, எதிர்வீட்டு சார் ஊருக்குப் போறதா ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே சித்தி."

"பால்காரர்கிட்டயும் வேணாம்னு சொல்லலை. செருப்பு வாசல்லயே கிடக்கு. நீ என்கூட வா."

போய்க் கதவைத் தட்டுகிறார். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டுகிறார். உள்ளே பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறார் அந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர். அரைமணியில் ஆஸ்பத்திரி. ஆள் பிழைத்தார்.

சித்தி செய்த காரியத்துக்குக் கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு பெத்த பெயர் இருக்கிறது. 'காம்ப்ளெக்ஸ் ஈவென்ட் ப்ராசஸிங்'! வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கட்டுரை முடிகிறவரை நாம் அதை 'சித்தி வேலை' என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பேங்க் பணம் பத்திரமாக இருப்பதும், அடுத்த மழைக்கு உங்கள் ஏரியாவில் படகு வருமா என்பதும் இந்தச் சித்தி வேலையைக் கொஞ்சம் நம்பித்தான் இருக்கின்றன.

பால், பேப்பர், மோட்டார்

சித்தி என்னதான் செய்தார்?

முதலில், ஒன்றுக்கும் உதவாத சின்னச் சின்ன சம்பவங்களைக் கவனித்தார். பால் எடுக்காததால் யாரும் சாகப்போவதில்லை. பேப்பர் கிடப்பதால் குடி முழுகிவிடாது. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் அர்த்தமில்லை. மூன்றையும் கோத்துப் பார்த்தபோதுதான் அர்த்தம் வந்தது.

இரண்டாவது, நேரம். மூன்றும் ஒரே காலையில், முக்கால் மணிக்குள் நடந்தன. திங்கட்கிழமை பால், புதன்கிழமை பேப்பர், சனிக்கிழமை மோட்டார் என்றிருந்தால் சித்தி காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்.

மூன்றாவதுதான் விசேஷம். நடந்ததை எல்லோரும் கவனிப்போம். *நடக்காததை* கவனித்தார் சித்தி. ஓடாத மோட்டார், எடுக்காத பால், கிளம்பாத செருப்பு!

நான்காவது, வேறு காரணம் இருக்கிறதா என்று விசாரித்தார். ஊருக்குப் போயிருந்தால் பால்காரரிடம் சொல்லியிருப்பார் அல்லவா? அந்த வழியும் அடைபட்டதும்… ஐந்தாவது, கதவைத் தட்டினார்.

இந்த ஐந்தில் முதல் நாலைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. அந்த ஐந்தாவதுதான் சிக்கல். அதற்குக் கடைசியில் வருவோம்.

அலமாரியும் ஓவர்பிரிட்ஜும்

'கம்ப்யூட்டர்தான் ஏற்கெனவே கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறதே, இதில் என்ன புதுசு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தாம்பரம் ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்கு மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கூட்டம், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு கூட்டம். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931-ல் மின்சார ரயில் விட்டதிலிருந்து இந்த ஊர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் டிக்கெட் இல்லாதவரைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, பாலத்தில் ஏறும் அத்தனை பேரையும் போட்டோ எடுத்து, நம்பர் போட்டு, அலமாரியில் அடுக்கி வைத்து, மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடுவது. பழைய கம்ப்யூட்டர் முறை இதுதான். முதலில் சேமி, பிறகு கேள். ரொம்ப ஒழுங்கான முறை. ஒரே குறை, டிக்கெட் எடுக்காத ஆசாமி அதற்குள் செங்கல்பட்டில் இறங்கி, வீட்டுக்குப் போய், பேரன் பேத்தி எடுத்திருப்பான்!

இன்னொரு வழி, கறுப்புக் கோட்டு டி.டி.இ. பாலத்தின் நடுவே நிற்பது. கூட்டம் ஓடும், அவர் நிற்பார். ஓடுகிற கூட்டத்தில் அவர் கண் தேடுவது ஒரே ஒரு விஷயத்தை. இதுதான் சித்தி வேலை. பழைய முறையில் தகவல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும், கேள்வி தேடிக்கொண்டு வரும். இதில் கேள்வி நின்றுகொண்டிருக்கும், தகவல் ஓடிவரும்.

இதை ஒரு சாஸ்திரமாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் லக்கம். தொண்ணூறுகளில் ஆராய்ச்சி செய்து, 2002-ல் 'நிகழ்ச்சிகளின் சக்தி' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். ஆர்வமாக இதைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் ஷேர் மார்க்கெட்காரர்கள். 'இந்த ஷேர் ஏறி, பத்து விநாடிக்குள் அந்த ஷேர் இறங்கினால், உடனே வாங்கு' என்பது அவர்களுக்கு அல்வா மாதிரி.

ஓடிவரும் தகவல்களைச் சிந்தாமல் சிதறாமல் வரிசையாகக் கொண்டுவந்து சேர்க்க ஒரு வாய்க்கால் வேண்டுமே? அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சாஃப்ட்வேரின் பெயர் 'காஃப்கா'. ஆமாம், எழுத்தாளர் காஃப்காதான்! லிங்க்ட்-இன் கம்பெனியில் செய்து 2011-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். செய்த மூவரில் ஒருவர் புனேயில் வளர்ந்த நேஹா நார்க்கெடே. எழுதித் தள்ளுவதையே வேலையாகக் கொண்ட சாஃப்ட்வேர் என்பதால் ஒரு எழுத்தாளர் பெயர் பொருத்தமாகப் பட்டதாம். (நம் ஊரில் செய்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம் என்று வாசகர்கள் யோசித்து வைக்கவும்.)

நிஜமாகவே ஒரு சித்தி!

வேடிக்கை இனிமேல்தான். 'சித்தி வேலை' என்று நான் விளையாட்டுக்குச் சொல்ல, நிஜமாகவே 'சித்தி' என்ற பெயரில் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. பிறந்த இடம் அமெரிக்கா அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் கொழும்புக்குத் தெற்கே இருக்கும் மொரட்டுவை பல்கலைக்கழகம்.

நாலு மாணவர்கள், இரண்டு வழிகாட்டிகள். 2011-ல் சியாட்டில் நகரத்தில் நடந்த ஒரு பயிலரங்கில் அவர்களுடைய கட்டுரை வந்தது. முதல் பெயராக இருப்பது ஒரு தமிழ்ப் பெயர், ஸ்ரீஸ்கந்தராஜா சுகோதயன். பிறகு டபிள்யூ.எஸ்.ஓ.2 என்கிற இலங்கைக் கம்பெனி அதை எடுத்து வளர்த்தது. மூலநிரல் எல்லோருக்கும் இலவசம். வாடகைக் கார் ஊபர் கம்பெனியே தன்னிடம் ஓடிவரும் தகவல்களைக் கவனிக்க இந்தச் சித்தியை உபயோகித்தது.

'சித்தி' என்றதும் நமக்கு அம்மாவின் தங்கை. இன்னும் சிலருக்கு 1999-ல் ஆரம்பித்து ராத்திரி சாப்பாட்டை டி.வி. முன்னால் நகர்த்திய ராதிகா சீரியல். ஆன்மிகவாதிகளுக்கு அஷ்டமா சித்தி. சிங்களத்திலோ அந்தச் சொல்லுக்குச் சம்பவங்கள் என்று பொருள். சம்பவங்களைக் கவனிக்கும் சாஃப்ட்வேருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்கே வைத்தியர் நாடி பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று விரல். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்பது கணக்கு. ஒரே ஒரு துடிப்பை வைத்து எந்த வைத்தியரும் எதுவும் சொல்லமாட்டார். ஓடுகிற துடிப்பில், ஒன்றுக்கொன்று என்ன வேகம், எது முந்துகிறது என்றுதான் பார்ப்பார். சித்தி, சித்தர் இரண்டு பேருக்கும் தொழில் ரகசியம் ஒன்றுதான்!

சிட்லபாக்கம், காலை 10:40

சரி, விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருவோம்.

சிட்லபாக்கத்தில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். மகன் வெளிநாட்டில். காலையில் ஒரு போன். "போலீஸ் பேசறோம். உங்க ஆதார் நம்பரை வெச்சு ஒரு பார்சல்ல போதைப்பொருள் அனுப்பியிருக்காங்க. வீடியோவை ஆஃப் பண்ணாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்."

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒரு சங்கதி இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் இதை எடுத்துச் சொல்லி எச்சரித்தார். ஆனால் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு 'பொய் சொல்லக்கூடாது' என்று சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு, காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் பொய் சொல்லுவான் என்று தோன்றுமா? கை நடுங்க நடுங்க, சொன்னதையெல்லாம் செய்கிறார்.

இப்போது பேங்க் கம்ப்யூட்டர் பக்கம் போய் உட்காருங்கள். அதற்குத் தெரிவது இவ்வளவுதான்.

10:40. பணம் அனுப்பும் பட்டியலில் ஒரு புதுப் பெயர் சேர்க்கப்படுகிறது.

10:48. பன்னிரண்டு லட்ச ரூபாய் எஃப்.டி. முதிர்வுக்கு முன்னாலேயே உடைக்கப்படுகிறது.

10:55. ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பு உச்சத்துக்கு ஏற்றப்படுகிறது.

11:02. அந்தப் புதுப் பெயருக்கு ஐந்து லட்சம்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் குற்றமில்லை. பெயர் சேர்ப்பது அவர் உரிமை. எஃப்.டி. அவர் பணம். பாஸ்வேர்டு சரி, ஓ.டி.பி. சரி. பணத்தை அனுப்புவதும் சாட்சாத் அவரேதான். பழைய முறைப்படி இது மாதக் கடைசி ஸ்டேட்மென்ட்டில் நாலு வரி. மகன் அடுத்த லீவில் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொள்வான்.

சித்தி வேலை தெரிந்த கம்ப்யூட்டரோ நாலையும் சேர்த்துப் பார்க்கும். 'இந்த அம்மா மாசாமாசம் பென்ஷன் எடுப்பாங்க, இ.பி. பில் கட்டுவாங்க, மருந்துக்கடைக்குக் கொடுப்பாங்க. இன்னிக்கு மட்டும் என்ன, இருபத்திரண்டு நிமிஷத்துல இவ்வளவு?' அதற்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விதி ரொம்ப எளிமையானது. புதுப் பெயர் சேர்ந்து, *அதற்குப் பிறகு* எஃப்.டி. உடைந்து, *அதற்குப் பிறகு* பெரிய தொகை அதே பெயருக்குக் கிளம்பினால், இவையெல்லாம் *அரைமணிக்குள்* நடந்தால்… நிறுத்து. கூப்பிட்டுப் பேசு.

'அதற்குப் பிறகு', 'அரைமணிக்குள்'. இந்த இரண்டு வார்த்தைதான் சித்தி வேலையின் உயிர்.

அந்தப் பக்கமும் ஒரு கதை நடக்கும். பணம் போய்ச் சேரும் கணக்கு போன மாதம்தான் திறக்கப்பட்டிருக்கும். ஐந்து லட்சம் வந்த இரண்டாவது நிமிஷம் பத்துக் கணக்குகளாகப் பிரிந்து பறந்துவிடும். இப்படி வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளை மோப்பம் பிடிக்க ரிசர்வ் பேங்க் தரப்பிலிருந்தே 'ம்யூல்ஹன்டர்' என்று ஒரு கருவியை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ம்யூல் என்றால் கோவேறு கழுதை. அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிற பிராணி!

கண்காணிப்பு எவ்வளவு வேகமாக இருக்கவேண்டும் தெரியுமா? 2023 ஆகஸ்ட்டில் யு.பி.ஐ. வழியாக நடந்த பரிமாற்றங்கள் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. வகுத்துப் பாருங்கள், விநாடிக்குச் சராசரியாக 4,000 வரும். டீக்கடையில் 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று அந்தச் சின்னப் பெட்டி சொல்லி முடிப்பதற்குள் தேசத்தில் சில ஆயிரம் பேர் பணம் அனுப்பியிருப்பார்கள். இந்த வெள்ளத்தில் ஒரு சிட்லபாக்கம் டீச்சரைக் கண்டுபிடிக்க வேண்டும்!

97 கடிதங்கள்

'அப்படியானால் எல்லா பேங்க்கும் விதியைப் போட்டு நிறுத்திவிட வேண்டியதுதானே?' என்று தோன்றும். அங்கேதான் சங்கடம்.

அதே டீச்சர் நிஜமாகவே பேத்திக்கு இன்ஜினீயரிங் காலேஜ் பீஸ் கட்டுகிறார் என்று வையுங்கள். புதுப் பெயர், உடைத்த எஃப்.டி., பெரிய தொகை, அரைமணி. அச்சு அசலாக அதே ஜாடை! பேங்க் நிறுத்தினால், "என் பணத்தை நான் அனுப்ப உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று சண்டைக்கு வருவார். விதியை இறுக்கினால் வீண் அலாரம். தளர்த்தினால் திருடன் தப்பிப்பான். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. மனிதர்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

வீண் அலாரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பத்து தடவை சும்மா அடித்த மணியைப் பதினோராவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதைவிட மோசம், மணி அடிக்கும். யாருக்காக அடிக்கிறது என்று எவருக்குமே தெரியாது.

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு பெரிய ஷேர் கம்பெனி இருந்தது. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி. புது சாஃப்ட்வேரை எட்டு கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதை மறந்துவிட்டார்கள். அதில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய ப்ரோகிராம் விழித்துக்கொண்டது. மார்க்கெட் திறந்ததும் பேய் பிடித்த மாதிரி வாங்கித் தள்ளி விற்றுத் தள்ளியது. 45 நிமிஷத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல்! கம்பெனி தலை நிமிரவே முடியாமல் மறுவருஷம் இன்னொன்றோடு ஐக்கியமாகிவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மார்க்கெட் திறப்பதற்கு முன்னாலேயே அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் தன் ஆட்களுக்கு ஒரு தப்பைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, 97! அதை அபாய அறிவிப்பு என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் பிரித்துப் படித்து நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த நாட்டு ஷேர் மார்க்கெட் கண்காணிப்பு ஆணையம் பிற்பாடு போட்ட உத்தரவில் இந்த எண்ணிக்கையே இருக்கிறது.

பால், பேப்பர், மோட்டார் எல்லாம் தெரிந்தது. கதவைத்தான் யாரும் தட்டவில்லை.

முடிச்சூருக்கு வந்த தண்ணீர்

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தாம்பரத்துக்காரர்கள் மறக்க முடியாத இன்னொரு கணக்கு இருக்கிறது.

2015 டிசம்பர் 1. அன்று காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில்! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கி, ஜனங்கள் மொட்டைமாடியில் நின்றார்கள்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் 'செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டான்' என்பார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூர் அதற்கு முன்னாலேயே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது! அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று வரிசையாக நிரம்பி வழிந்த ஏரிகளின் தண்ணீர். திருநீர்மலைக்குக் கீழே அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் போனதுதான் அந்தத் தண்ணீரோடு செம்பரம்பாக்கத்தின் 29,000 கன அடியும் சேர்ந்தது.

இப்போது சித்தி கண்ணால் பாருங்கள். நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. இது பால் பாக்கெட். இன்னும் கனமழை வரும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியிருந்தது. இது பேப்பர். ஆற்றை ஒட்டி வீடுகள் வந்து வழி குறுகியிருந்தது. இது மோட்டார். மூன்றும் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஆனால் மழைக்கணக்கு ஒரு ஆபீஸ், ஏரிக்கணக்கு இன்னொரு ஆபீஸ், தெருவில் இருக்கும் ஜனங்கள் மூன்றாவது ஆபீஸ். மூன்றையும் கோத்து, 'இத்தனை மணிக்குள் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், கிளம்புங்கள்' என்று முடிச்சூரில் நேரத்தோடு கதவைத் தட்ட ஒரு சித்தி இல்லை. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை, இதை மனிதர்களால் உண்டான பேரிடர் என்றே சொன்னது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை முறை உருவானது. நடத்துவது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம். மழை, ஆறு, கடல் ஏற்றம், தரை மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து, பலவிதமான வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, வருகிற மழை எந்தக் காட்சிக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஏற்பாடு. நல்ல விஷயம். ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒளிர்ந்துவிட்டால் மட்டும் போதாது. முடிச்சூர்ப் பாட்டியின் வாசலுக்கு அது மணிக்கணக்கில் முந்தி வந்து சேர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பேங்க் செய்யும், சர்க்கார் செய்யும், சாஃப்ட்வேர் செய்யும். அதுவரை நாமும் கொஞ்சம் சித்தி வேலை பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, மணிக்கணக்காக ஒரே போனில், யாரிடமும் பேசாமல் இருந்தால்… தட்டுங்கள். பேங்க்கிலிருந்து 'இது நீங்கள்தானா?' என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். (அந்த எண்ணை பாஸ்புக்கில் சரிபார்த்து நீங்களே திருப்பிக் கூப்பிடுவது உத்தமம். அந்த வேஷத்திலும் திருடன் வருவான்!) பணம் போய்விட்டது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-ஐக் கூப்பிடுங்கள். தேசம் முழுக்க இணையக் குற்றங்களுக்கு அந்த ஒரே எண்தான். பத்துக் கணக்குகளுக்குப் பிரிவதற்குள் சொன்னால் மறித்து நிறுத்த வழி இருக்கிறது. நாளைக்குச் சொன்னால் புகார் நம்பர்தான் மிஞ்சும்.

சித்தியிடம் போய், "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டால் என்ன சொல்வார்?

"தெரியறது பெரிசா? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது. பேப்பர்காரப் பையன் பார்த்தான், பால்காரர் பார்த்தார், நீயும் பார்த்தே. நான் எழுந்து போனேன், அவ்வளவுதான்!"

நாளைக் காலையில் எதிர்வீட்டு கேட்டில் பால் பாக்கெட் அப்படியே இருந்தால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு காபி கிடைக்கும்.